குடைத் துணியில் ஒரு தலையணை

மலை ஏறும்போது எடுத்துப் போக நானே தைத்த தலையணை 118 கிராம். தக்கலையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன் திப்பிலி நிறுக்கிற சின்னத் தராசில் வைத்துப் பார்த்துச் சொன்னது. முதல் இரண்டு தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது, "இது என்னம்மா, பூனைக்குட்டிக்கு மெத்தையா?" என்றார்.

எனக்குத் தையல் தொழில். பத்தொன்பது வருடமாகப் பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன். காடு ஏறுவது பிந்தி வந்த கிறுக்கு. அகஸ்தியர்கூடம் மலைக்குப் பெண்களும் போகலாம் என்று 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, 2019 ஜனவரியில் இருந்து பெண்களும் ஏற ஆரம்பித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து நானும் இரண்டு அக்காமாரும் போனோம். போனக்காடு என்ற ஊரில் இருந்து நடந்து அதிருமலை முகாமில் முதல் ராத்திரி, மறுநாள் 1,868 மீட்டர் உச்சி, இறங்கி வந்து அதே முகாமில் இரண்டாம் ராத்திரி. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்துதான் ஒரு வாரம் திரும்பவில்லை.

முதல் ராத்திரி, ஆன்லைனில் வாங்கிய காற்றுத் தலையணை. கையளவு மடியும், எடையே தெரியாது என்று பெருமையாக எடுத்துப் போனேன். தலையை வைத்தால் பந்து மேல் தேங்காய் வைத்த மாதிரி, இந்தப் பக்கம் உருளும் அந்தப் பக்கம் உருளும். காது சில்லென்று கிடந்தது. விடியப் போகும் நேரத்தில் ஒரு ஓரத்தில் காற்று கசிந்து, கன்னம் தரையைத் தொட்டபோது முழித்தேன். இரண்டாம் ராத்திரி எல்லோரும் சொல்கிற வைத்தியம்: துணிகளைப் பையில் திணித்துத் தலைக்கு வைப்பது. இது குளிர் நாட்டுக்காரர்களுக்குச் சரிவரும். அவர்கள் பையில் உலர்ந்த, பொசுபொசுவென்ற குளிர்ச்சட்டை இருக்கும். நம் மலையில் நடந்து முடித்தவள் பையில் என்ன இருக்கும்? வேர்வையில் ஊறிய சட்டை இரண்டு, ஈரத் தோர்த்து (துண்டு) ஒன்று, அட்டை கடிக்காமல் இருக்க வைத்த உப்புத் துணி. அந்த மணத்தில் முகத்தை வைத்து உறங்குவது ஒரு தவம். அகஸ்தியர் செய்திருப்பார்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது அப்பா சிரித்தார். அவர் சிவாலய ஓட்டம் பலமுறை ஓடியவர். சிவராத்திரிக்குத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் ஒரு பனையோலை விசிறி, இடுப்பில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான் சாமான். "திற்பரப்பில குளிச்சிட்டுப் படியில சாஞ்சா ஒறக்கம் தானா வரும். தலைக்குக் கை போதும்" என்றார். அப்பா மல்லாந்து கிடந்து உறங்குகிற ஆள். நான் ஒருச்சாய்ந்து கிடப்பவள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மல்லாந்து கிடந்தால் கழுத்துக்கு அடியில் கொஞ்சம் தாங்கல் இருந்தால் போதும். ஒருச்சாய்ந்தால் கழுத்துக்கும் தரைக்கும் நடுவே தோள் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுகிறது. வீட்டு மெத்தையில் தோள் அமுங்குவதால் பள்ளம் குறையும். காட்டில் மெல்லிய பாய் மேல் தோள் அமுங்காது. அதனால் வீட்டில் வைப்பதைவிட வெளியே தலையணை உயரமாகத்தான் வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. எடை குறைக்கிறேன் என்று தட்டையாக எடுத்துப் போகிறோம். டேப்பை எடுத்து என் கழுத்தடியில் இருந்து தோள் முனை வரை அளந்தேன்: ஐந்தரை அங்குலம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஷோல்டர் அளந்து எழுதுகிறவள், சொந்தக் கழுத்துக்கு அன்றைக்குத்தான் அளந்தேன்.

ஐந்தரை அங்குல உயரத்துக்குப் பஞ்சு அடைத்தால் ஒரு மூட்டை ஆகிவிடும். எங்கள் விளையில் (தோப்பில்) ஒரு இலவு மரம் நிற்கிறது. இலவம் பஞ்சு எவ்வளவு லேசு என்று உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இழையும் உள்ளே பொள்ளலான குழாய், பெரும்பாலும் காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் பிடிக்காது. முன்னே கப்பலில் உயிர் காக்கும் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் தலை அழுத்த அழுத்தக் கட்டி பிடிக்கும், மடித்துப் பையில் வைத்தாலும் பெரிதாக இடம் அடைக்கும். ஆக, உயரத்தைக் காற்றிடம் விட்டுவிட்டு, காதுக்கு அடியில் மட்டும் மெல்லிசாகப் பஞ்சு.

காற்றுக்குக் கன்னியாகுமரி கடற்கரைக் கடையில் குழந்தைகளுக்கு விற்கிற பிளாஸ்டிக் பந்து. சின்ன அளவு, 58 கிராம். புதுசில் ரெக்ஸின் மணம் அடிக்கும், இரண்டு நாள் வெயில் படாமல் காற்றாடப் போட்டால் போய்விடும். பந்தை முழுக்க ஊதக்கூடாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே. அப்போதுதான் தலை நடுவில் பதிந்து, இருபுறமும் காற்று எழும்பிக் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆன்லைனில் வாங்கிய தலையணையை நான் கல் மாதிரி ஊதி வைத்ததும் உருண்டதற்கு ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

உறைக்குக் குடைத் துணி. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஒன்று, துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. கம்பி ஒடிந்த குடை இல்லாத வீடு உண்டா? துணி மட்டும் நன்றாக இருக்கும். நெருக்கமான நெசவு, லேசு, நனைந்தாலும் உதறினால் போதும். ஒரு மூன்று மடக்குக் குடையைப் பிரித்தால் எட்டு முக்கோணம். நான்கை எடுத்து, ஒன்று நேராக ஒன்று தலைகீழாக அடுக்கித் தைத்தால் ஒரு பட்டை வரும். ஓரம் வெட்டி மடித்தால் உறை. வழக்கமான 16ஆம் நம்பர் ஊசி போட்டேன், ஓட்டை பெரிது பெரிதாக விழுந்தது. பிரித்து 11ஆம் நம்பரில் தைத்தேன். உறை 24 கிராம். பந்தை எடுத்துத் துடைக்க ஒரு பக்கம் திறந்து, நாடா வைத்தேன். வாயால் ஊதும்போது ஈரமும் உள்ளே போகும், வந்ததும் காற்றை இறக்கி மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூசணம்.

குடைத் துணி கன்னத்தில் பட்டால் வேர்க்கும். அதனால் மேல் பக்கம் பாப்ளின், பாப்ளினுக்கும் குடைத் துணிக்கும் நடுவே இலவம் பஞ்சு. முதலில் மல் துணி போட்டது என் தப்பு. பஞ்சு அதன் வழியாக வெளியே வந்து, மூன்று நாள் தையல் மெஷினில், கஸ்டமர் பட்டுப் புடவையில், என் கண் இமையில் எல்லாம் வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. பாப்ளினும் பஞ்சும் 36 கிராம்.

மொட்டை மாடியில் சோதனை. ஆடிக் காற்று அடிக்கிறது, பாயை விரித்துக் கிடக்கிறேன், தலையணை வழுக்கி வழுக்கிப் போகிறது. ரப்பர் பட்டை தைக்கலாமா, கயிறு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, வற்றல் எடுக்க வந்த அம்மை நின்று பார்த்தாள்.

"அதத் தூக்கிப் பாய்க்கு அடியில வையி மக்ளே."

வைத்தேன். நகரவே இல்லை. பாயின் தலைப்பக்கம் மட்டும் மேடாக எழும்பியது. மேலே தோர்த்தை விரித்துக்கொண்டால் பாப்ளின்கூடத் தேவைப்படாது போல இருந்தது. அம்மையிடம் அதைச் சொல்லவில்லை.

இந்த ஜனவரியில் மீசப்புலிமலைக்கு எடுத்துப் போனேன். கூடாரத்தில் நல்ல குளிர். சாயங்காலம் சரியாக ஊதி வைத்தது, பத்து மணிக்குத் தொட்டால் தொளதொள. நெஞ்சு பக்கென்றது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பந்தின் மூட்டெல்லாம் எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். எங்கும் இல்லை. அப்புறம்தான் விளங்கியது: வாயில் இருந்து போன சூடான காற்று, குளிர்ந்ததும் சுருங்கியிருக்கிறது. இரண்டு மூச்சு ஊதிக் கிடந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, எச்சில் தடவுவதை எல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். காலையில் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். நீலக் குடை தருவாராம். தோள் அளவை மட்டும் அங்கேயே எடுத்துக்கொண்டேன், ஆறு அங்குலம்.