கிரேடு 2 தமிழ் வகுப்பு: ரசோனிலிருந்து ரூபாய் வரை

ஜனவரி 16

முதல் வாரம் எழுத்தே கிடையாது. காதும் வாயும்தான். மொரிஷியஸில் பிள்ளைகளுக்கு வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். இந்த ஆறு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மொரிஷியஸ் சமையல்கட்டைக் கேட்டால் வேறு கதை: கொதோமிலி, காரிபுலே, பிபங்காய், முறும், ரசோன், முல்கு. கொத்தமல்லி, கறிவேப்பிலை, பீர்க்கங்காய், முருங்கை, ரசம், முறுக்கு. கிரியோல் என்று நினைத்துப் பிள்ளைகள் தினமும் தமிழ் பேசுகிறார்கள்!

கொத்தமல்லி ஒரு கட்டு, கறிவேப்பிலை நாலு கொத்து, பீர்க்கங்காய் ஒன்று போதும். படத்தைக் காட்டுவதைவிட முகர வைப்பது நல்லது. பிள்ளை தன் சொல்லைச் சொல்லட்டும், ஆசிரியர் தமிழ்ச் சொல்லைச் சொல்லட்டும். எங்கே மாறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. ‘தப்பு’ என்று திருத்தினால் அடுத்த நாள் வாய் திறக்காது.

ஜனவரி 20

ரசோனில் ஒரு மாதத்து வேலை ஒளிந்திருக்கிறது. கடைசி ‘அம்’ அங்கே மூக்கொலியாகிவிட்டது. அதே பழக்கத்தில் ‘படம்’ என்பதும் ‘படோன்’ ஆகும். பின்னால் நோட்டில் ம் காணாமல் போகும். எழுத்துப் பிழை என்று சிவப்பு மையால் சுழித்துப் பயனில்லை, கோளாறு உதட்டில் இருக்கிறது.

உதடு மூடத் தெரியாதவர்கள் இல்லை. பெண்ணைக் கிரியோலில் ‘ஃபாம்’ என்று ஒழுங்காகத்தான் சொல்கிறார்கள். ஃபாம்–ரசம், ஃபாம்–படம் என்று மாற்றி மாற்றிப் பத்து முறை. ஆளுக்கொரு கைக்கண்ணாடி இருந்தால் உதடு ஒட்டுவதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஜனவரி 27

குறில், நெடில். நீளத்தை வைத்துப் பொருள் மாறுவதைப் பிள்ளை கவனித்துப் பழகியிருக்காது. அதனால் பல்லும் பாலும் ஒன்றாகவே கேட்கலாம். பல்–பால், கல்–கால், படம்–பாடம், முடி–மூடி, கொடு–கோடு: ஐந்து ஜோடி போதும்.

20 செ.மீ. எலாஸ்டிக் நாடாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். குறிலுக்குக் கை அசையாது. நெடிலுக்கு நாடா இரு மடங்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணம் அப்படியே கையில் வந்துவிடுகிறது. ஆசிரியர் ஆர்வத்தில் ‘பாஆஆஆல்’ என்று இழுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. நாலு மாத்திரைக்குப் பழகிய காது, சாதாரணமாகச் சொல்லும் ‘பால்’ கேட்டால் அதைக் குறில் என்றே எடுத்துக்கொள்ளும்.

பிப்ரவரி 5

இனி எழுத்து. அ, ஆ வரிசையில் தொடங்குவதில்லை. அ எழுத ஆறு வயது விரல் படும் பாடு போதும். ட, ப, ம. ட-வுக்கு வலப்புறம் ஒரு சுவர் எழுப்பினால் ப. மூன்று எழுத்தோடு புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நாலு சொல் அன்றே வாசிக்கலாம்.

விரலால் எழுத 30க்கு 20 செ.மீ. தட்டு, அடியில் கறுப்புக் காகிதம், மேலே ரவை 200 கிராம். அதற்கு மேல் போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். உப்பு இந்த மாத ஈரத்தில் கட்டிதட்டும். சர்க்கரை விளையும் தீவாயிற்றே என்று சர்க்கரையைக் கொட்டினால் எறும்புக்குத்தான் பாடம்.

தைப்பூசக் காவடி இப்போதுதான் முடிந்திருக்கிறது, அதனால் துணைக்காலுக்கும் இகரக் கொக்கிக்கும் ‘காவடி’யே முதல் சொல்.

பிப்ரவரி 19

உகரம். வரிசையாகக் கு, ஙு, சு என்று போனால் குழப்பம், ஒவ்வொன்றும் ஒரு விதம். கையசைவை வைத்துப் பிரித்தால் பதினெட்டும் மூன்று குடும்பம்தான். வளைத்துச் சுற்றுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. நேராகக் கீழே இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு. காலை மடக்கி மேலே ஏறுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள். ஙு-வை எழுதிக் காட்டிவிட்டு மறந்துவிடலாம், யாருக்கும் தேவைப்படாது.

மார்ச் 3

கொம்பு. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் இடமிருந்து வலமாக ஒலித்துக்கொண்டே போகும். அந்தக் கண்ணோடு ‘கெ’யைப் பார்க்கும் பிள்ளை ‘எக்’ என்கிறது. மெய்யெழுத்துக்கு 8 செ.மீ. அட்டை, கொம்புக்குச் சிவப்பு அட்டை. முதலில் க அட்டையை வைத்து ‘க்’ என்று சொல்ல வேண்டும். பிறகு ‘எ’ என்று சொல்லிக்கொண்டே சிவப்பைக் கொண்டுவந்து இடப்பக்கம் ஒட்ட வேண்டும். சொல்வது ஒரு வரிசை, கண்ணில் படுவது வேறு வரிசை என்பது கை நகரும்போது பிடிபடும். ‘கொ’வை இதற்கு முந்தி எடுக்கவே கூடாது. எடுத்தால் ‘கெ-ஆ’தான்.

மார்ச் 10

வாசிக்க வேறு எதுவும் வேண்டாம், பணத்தாளே இருக்கிறது. நம் ரூபாய்த் தாளில் ஆங்கிலம், அடுத்துத் தமிழ், அதற்கடுத்து ஹிந்தி. 1998-இல் வெளிவந்த தாள்களில் ஹிந்திக்குக் கீழே தமிழ் இறங்கியது. எதிர்ப்புக் கிளம்பித் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன, அடுத்த ஆண்டு பழைய வரிசைக்கே வந்தன. ஆறு வயதுக்கு அந்தச் சண்டை வேண்டாம். ‘ரூபாய்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தால் போதும். ரூ புதிது, பா தெரிந்தது, ய் புள்ளி வைத்தது.

25, 50 ரூபாயில் பாலிமர் தாள் கிடைத்தால் எச்சில் விரலுக்கும் தாங்கும். நாலு பேருக்கு ஒரு தாள், ஒரு பூதக்கண்ணாடி. தாள்களை எண்ணித் திரும்ப வாங்கும்வரை யாரையும் வெளியே விடக் கூடாது.