சட்டம் டிரெண்டனில், பில் எங்கள் மேசையில்

நியூஜெர்சியில் ஒரு பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாவட்டம் என்றதும் நம்மூர் மாவட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டவுன்ஷிப், அதாவது ஒரு சின்ன ஊர், அதற்கு ஒரு பள்ளி வாரியம், அவ்வளவுதான். மாநிலம் முழுக்க இப்படிச் சுமார் 600 உண்டு. எங்களைப் போன்ற புறநகர் வாரியங்களுக்கு வருமானத்தில் பெரும்பங்கு சொத்து வரிதான். அதையும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2010-ல் சட்டம் போட்டார்கள். மருத்துவக் காப்பீடு மாதிரி சில விலக்குகள் உண்டு. மற்றபடி கூடுதலாக வேண்டுமென்றால் வாக்காளர்களிடம்தான் போக வேண்டும்.

இந்த வரம்பை விதித்த அதே மாநிலத் தலைநகர் டிரெண்டனிலிருந்துதான் புதுப் புது உத்தரவுகளும் வருகின்றன. பள்ளிகளில் வம்பு, கேலி, மிரட்டலைத் தடுக்க 2011-ல் வந்த சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அதற்கென ஒரு பொறுப்பாளர், மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், புகார் வந்தால் ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடக்கம், பத்து நாளுக்குள் முடிவு. தேவையான சட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் விசாரிப்பது யார்? ஏற்கெனவே இருக்கும் ஆலோசகர்தான். அவர் ஒரு வாரம் அறிக்கை எழுதினால், கல்லூரி விண்ணப்பத்துக்காக அவரைப் பார்க்க வந்த பிள்ளை வெளியே காத்திருக்கும். என் பேரேட்டில் அது எந்தத் தலைப்பிலும் வராது. ஆலோசகர் சம்பளம் என்ற பழைய பதிவு அப்படியேதான் இருக்கும். இந்த மாதிரிச் செலவுகளோடு மல்லுக்கட்ட முடியாததற்குக் காரணமே, அவை கணக்கில் செலவாகவே தெரியாமல் இருப்பதுதான்.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. உத்தரவு போடுகிற மாநிலமே பணமும் தர வேண்டும் என்று 1995-ல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அதை விசாரிக்க ஒரு கவுன்சில்; அதன் தீர்ப்பை நீதிமன்றம்கூடத் தொட முடியாது. அலமூச்சி என்ற சின்ன டவுன்ஷிப்பின் பள்ளி வாரியம் அங்கே போய் முறையிட, அந்த மிரட்டல் தடுப்புச் சட்டம் பணம் தராத உத்தரவுதான் என்று 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பணம் தராவிட்டால் சட்டம் செல்லாமல் போகும். மார்ச்சில் சட்டமன்றம் பத்து லட்சம் டாலர் ஒதுக்கிச் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. 600 மாவட்டங்களுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு இரண்டாயிரம் டாலர்கூடத் தேறாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடு இரண்டரை மைலுக்கு அப்பால் இருந்தால்தான் இலவச பஸ் கட்டாயம். ஒருநாள் தமிழ்க்காரர் ஒருவர் கவுன்டருக்கு வந்தார். என் பெயரைப் பார்த்ததும், "சார், நீங்க தமிழா?" என்று ஆரம்பித்தார். அவர் வீடு 2.4 மைல். நடுவே நாலு வழிச் சாலை, நடைபாதை கிடையாது. "நீங்களே சொல்லுங்க, ஜனவரிப் பனியில பையன் எப்படி சார் நடப்பான்?" மாநில உதவித்தொகைக்குத் தூரம் மட்டும்தான் கணக்கு, சாலை எப்படி இருந்தாலும் சரி என்று விளக்கினேன். அதே சமயம் நாங்கள் பஸ் விடுவதால், லாப நோக்கமில்லாத தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும், பள்ளி 20 மைலுக்குள் இருந்தால், பஸ்ஸோ அதற்கு ஈடான தொகையோ தந்தாக வேண்டும். "அப்போ அவனைத் தூரமா ஒரு பிரைவேட்ல சேர்த்தா உதவி கிடைக்கும், பக்கத்துல உங்க ஸ்கூல்ல படிச்சா கிடைக்காது, அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். இருவரும் சிரித்துவிட்டோம், வேறென்ன செய்ய.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வாரியங்களும் லேசுப்பட்டவை அல்ல. கட்டாயமே இல்லாத செலவைக்கூட "மாநில உத்தரவு, எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று சொல்லித் தப்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு மைதானத்துக்குச் செயற்கைப் புல் போடச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எது கட்டாயம், எது நம் விருப்பம் என்று பட்ஜெட்டிலேயே பிரித்துக் காட்டினால் பாதிச் சண்டை ஓயும் என்று எனக்குத் தோன்றும். தோன்றியதோடு நிற்காமல் ஒரு பட்டியலும் தயாரித்து மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் பட்டியலில் சிறப்புக் கல்வி, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கல்வி, என்ற பதிவில் விரலை வைத்தார். அந்தச் செலவின் வேர் கூட்டரசுச் சட்டத்தில் இருப்பதால் பெரும்பாலும் கவுன்சிலுக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-ல் வாஷிங்டன் சொன்னது. இன்றுவரை அந்த 40-ஐ எட்டியதில்லை. மாநிலத்தின் கூடுதல் உதவியும், தனியார் சிறப்புப் பள்ளி என்றால், ஒரு பிள்ளைக்கு 55,000 டாலரைத் தாண்டிய பிறகுதான். அதிலும் ஒரு பகுதி, அதுவும் செலவு செய்த பிறகு. பட்ஜெட் முடிந்தபின் அக்டோபரில் அப்படி ஒரு பிள்ளை ஊருக்குக் குடிவந்தால், வேறெங்காவது ஒரு வேலையிடத்தை நிரப்பாமல் விடுவோம்.

"இதைக் கூட்டத்துல வாசிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றார். சின்ன ஊர். ஒரே ஒரு பிள்ளை சேர்ந்ததால் இவ்வளவு டாலர் கூடியது என்று திரையில் போட்டால், எந்த வீட்டுப் பிள்ளை என்று அரங்கில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். நூலக உதவியாளர் வேலை போனதற்கு அந்தக் குடும்பம்தான் காரணம் என்று மறுநாளே பேச ஆரம்பிப்பார்கள். பட்டியலில் அந்தப் பதிவை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சத்துக்கு அர்த்தமே இல்லை. அந்த ஆண்டு பழைய வடிவத்திலேயே பட்ஜெட் போனது. நூலக உதவியாளரை ஏன் வேலையிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டவருக்கு, "செலவினங்கள் உயர்ந்திருக்கின்றன" என்று வாரியத் தலைவர் பதில் சொன்னார்.