விட்பிரெட் 1973: வேகமான படகு ஏன் ஜெயிக்கவில்லை?

உலகத்தைச் சுற்றி நடந்த முதல் குழுப் பாய்மரப் போட்டியான விட்பிரெட்டில் மிகக் குறைந்த நாட்களில் வந்து சேர்ந்தது பிரிட்டிஷ் மாலுமி சே பிளைத்தின் 'கிரேட் பிரிட்டன் 2'. 77 அடிப் படகு, மாலுமிகளாக பாராசூட் படை வீரர்கள், 144 நாள். ஆனால் கோப்பை போனது 152 நாள் எடுத்துக்கொண்ட 'சாயுலா 2'-க்கு. அதன் சொந்தக்காரர் ரமோன் கார்லின், மெக்சிகோவில் வாஷிங் மெஷின் தயாரித்துச் சம்பாதித்தவர். பெரிய பந்தய அனுபவம் கிடையாது. பின்லாந்தின் நாட்டோர் நிறுவனம் கட்டிய 'ஸ்வான் 65' ஒன்றை வாங்கினார், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டார், கிளம்பிவிட்டார்.

காகிதத்தில் பார்த்தால் காரணம் எளிது, ஹேண்டிகேப். ஐ.ஓ.ஆர். எனும் சர்வதேசப் பந்தயப் படகு விதிப்படி படகின் நீளம், அகலம், ஆழம், பாயின் பரப்பு எல்லாவற்றையும் அளந்து ஒரு மதிப்பு போடுவார்கள். பெரிய படகு சின்னப் படகுக்கு நேரம் விட்டுத்தர வேண்டும். அப்படிக் கழித்தபின் சாயுலாவின் நேரம் 133 நாளாக வந்தது. ஆனால் இது பாதிப் பதில்தான். 27,000 கடல் மைலை 144 நாளால் வகுத்தால் சராசரி 7.8 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்). 152 நாளால் வகுத்தால் 7.4. அரை நாட் கூட வித்தியாசம் இல்லை. அந்த வருடம் போட்டியைத் தீர்மானித்தது எந்தப் படகு பறந்தது என்பதல்ல, எந்தப் படகு உடையாமல் ஓடியது என்பதே.

1973 செப்டம்பர் 8 அன்று போர்ட்ஸ்மத்தில் 17 படகுகள் கிளம்பின. போட்டியை நடத்தியது பிரிட்டிஷ் கடற்படையினரின் பாய்மரச் சங்கம், பணம் கொடுத்தது விட்பிரெட் மதுபான நிறுவனம். கேப் டவுன், சிட்னி, ரியோ டி ஜெனிரோ, மறுபடி போர்ட்ஸ்மத் என்று நான்கு கட்டம். பிரெஞ்சு மாலுமி எரிக் டபார்லியின் 'பென் டுயிக் 6' இதற்கென்றே கட்டப்பட்டது. அடிப்பாரத்துக்கு ஈயத்தைவிடக் கனமான யுரேனியம் வைத்த படகு. முதல் கட்டத்திலேயே பாய்மரம் முறிந்தது. ரியோவுக்குப் போய் புதுமரம் நட்டு வந்தார். சிட்னியை விட்டுக் கிளம்பியதும் அதுவும் முறிந்தது. 80 அடி 'பர்ட்டன் கட்டர்' உள்வேலை முடியாமலே கிளம்பி, கேப் டவுனுக்கு முதலாவதாக வந்தது. அடுத்த கட்டத்தில் அதன் அலுமினிய உடல் தாங்கவில்லை, தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் துறைமுகத்துக்குள் ஒதுங்கியது.

ஏன் இத்தனை முறிவு? அன்றைய பந்தயப் படகுகள் ஓரிரு நாள், மிஞ்சினால் ஒரு வாரம் ஓடப் பழகியவை. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலிலோ வாரக்கணக்கில் பின்காற்று. ஐ.ஓ.ஆர். விதிக்கு வளைந்துகொடுத்துப் பின்பக்கத்தைக் குறுக்கிக் கட்டிய படகுகள், பின்னிருந்து பெரிய அலை தூக்கும்போது இடமும் வலமும் உருளும். அந்த நேரம் ஸ்பின்னாக்கர் (பின்காற்றில் முன்னால் பலூன்போல் உப்பும் பெரிய பாய்) ஏறியிருந்தால் நடப்பது இதுதான்: படகு ஒரு பக்கம் சாய்கிறது, சுக்கான் பாதி நீருக்கு வெளியே வந்து பிடிப்பை இழக்கிறது, முன்பக்கம் தானாகக் காற்றை நோக்கித் திரும்புகிறது, படகு பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. இதற்குப் பெயர் பிரோச். எதிர்ப்பக்கம் உருண்டால் இன்னும் மோசம். பெரிய பாயின் பின்புறம் காற்று புகுந்து, பூம் (அந்தப் பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பு) முழு வேகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசியடிக்கும். வழியில் தலை இருந்தால் தலை, கம்பி இருந்தால் கம்பி.

அதைத் தடுக்கத்தான் பிரிவென்டர் கயிறு. பூமின் நுனியில் கட்டி, படகின் முன்முனையில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, பின்னால் சுக்கான் பிடிப்பவர் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சோம்பல்பட்டு பூமின் நடுவில் கட்டினால், நுனி அலைக்குள் முங்கும்போது பூம் கட்டிய இடத்திலேயே மடிந்துவிடும். கயிற்றைப் பின்னால் கொண்டுவராமல் முன்னாலேயே முடிச்சுப் போட்டால், படுத்துவிட்ட படகில் ஒருவர் தவழ்ந்து போய் அவிழ்க்க வேண்டிவரும்.

மற்ற எதிரி, உராய்வு. ஸ்பின்னாக்கரைத் தூக்கும் ஹாலியார்ட் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கம்பிவடம். மரத்தின் உச்சியில் கப்பிமேல் ஒரே இடம் நாள் முழுக்க அசைந்தால் இழை இழையாக அறும், அறுந்த இழை கையைக் கிழிக்கும். வழி ஒன்றுதான்: காவல் முறை மாறும்போதெல்லாம் சில அங்குலம் இழுத்தோ விட்டோ தேய்மானத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது. ஸ்பின்னாக்கரை வெளியே தள்ளிப் பிடிக்கும் கம்பின் வாயில் ஓடும் கயிற்றுக்கும் இதே வைத்தியம். கேட்க அற்ப வேலை. ஆனால் நள்ளிரவில் ஹாலியார்ட் அறுந்தால் முழுப் பாயும் முன்னால் விழுந்து படகின் அடியில் போகும். மரத்தின் உச்சிக்கு ஆளை ஏற்றுவது அதன் பிறகு.

கேப் டவுனிலிருந்து சிட்னிக்குப் போகும் பாதை எவ்வளவு தெற்கே என்பதும் ஒரு சூதாட்டம். இரண்டு ஊரும் ஏறக்குறைய 34 டிகிரி தெற்கில். அதே அட்சரேகையில் நேர் கிழக்கே அளந்தால் சுமார் 6,600 கடல் மைல் (நடுவில் ஆஸ்திரேலியா குறுக்கே நிற்கிறது என்பது வேறு விஷயம்). உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி சுமார் 5,930. மிச்சம் ஏறக்குறைய 4 நாள். ஆனால் அந்த வழி 59 டிகிரி தெற்குவரை, பனிப்பாறைகளுக்கு நடுவே இறங்கும். அதனால் எல்லோரும் நடுவில் ஏதோ ஒரு ரேகையைப் பிடித்தார்கள். ஜி.பி.எஸ். கிடையாது. செக்ஸ்டன்ட், கடிகாரம், வாய்ப்பாட்டுப் புத்தகம், அவ்வளவுதான். கடிகாரம் 4 வினாடி தப்பினால் தீர்க்கரேகை ஒரு கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) தப்பும். சூரியன் சில நாள் முகம் காட்டாவிட்டால் திசைகாட்டியையும் வேகமானியையும் வைத்து மனக்கணக்கு. 49 டிகிரியில் கெர்கெலன் தீவுகள் வழியில் கிடக்கும்போது அந்தக் கணக்கு யாருக்கும் நிம்மதி தந்திருக்காது.

இந்தக் கட்டத்தில்தான் சாயுலாவை ஓர் அலை புரட்டிப் போட்டது. உள்ளே இருந்தவர்கள் சுவரிலும் கூரையிலும் மோதினார்கள், காயம், எங்கும் தண்ணீர். ஆனால் இரண்டு பாய்மரமும் நின்றன. தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி பாய் ஏற்றினார்கள். வீட்டுச் சாப்பாடும் ஒயினுமாகப் போகும் படகு என்று கேலி பேசியவர்களுக்கு என் பதில், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய ஆள்தான் விடியற்காலை நான்கு மணிக்கு உராயும் கயிற்றைக் கவனிப்பான்.

அந்தப் போட்டியில் மூன்று பேர் கடலில் விழுந்து இறந்தார்கள். 'டவுரங்கா', '33 எக்ஸ்போர்ட்', 'கிரேட் பிரிட்டன் 2' ஆகிய படகுகளிலிருந்து ஒவ்வொருவர். பின்காற்றில் 10 நாட் ஓடும் படகு நிமிடத்துக்கு 300 மீட்டர் போகும். ஸ்பின்னாக்கரை இறக்கி, பிரிவென்டரை அவிழ்த்து, படகைத் திருப்ப நன்கு பழகிய குழுவுக்கே சில நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு கிலோமீட்டர் தாண்டியிருக்கும், மிதக்கும் தலை அலைகளுக்கு நடுவே தெரியாது, உறையவைக்கும் குளிர் வேறு. எனவே விழாமல் இருப்பது மட்டுமே பாதுகாப்பு. இடுப்புப் பட்டையில் ஒரு வாருக்குப் பதில் இரண்டு வார், முன்னிருந்து பின்வரை தளத்தில் ஓடும் கயிறு, அறையை விட்டு வெளியே கால் வைக்குமுன்பே கொக்கி மாட்டுவது. கொக்கியை ஒரு கயிற்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் அந்த நொடிக்காகத்தான் இரண்டாவது வார்.

அடுத்த போட்டி 1977-ல். நெதர்லாந்தின் கார்னெலிஸ் வான் ரீட்ஷோட்டன் தன் 'ஃப்ளையர்' படகை முன்கூட்டியே அட்லாண்டிக்கில் ஓட்டிப் பார்த்து, குறைகளைச் சரிசெய்த பிறகே கிளம்பினார். ஹேண்டிகேப்பில் ஜெயித்ததும் அவரே. 'ஹீத்ஸ் கான்டோர்' அப்போது அபூர்வமான கார்பன் ஃபைபர் பாய்மரத்துடன் வந்தது. முதல் கட்டத்திலேயே அது முறிந்தது. 'கிரேட் பிரிட்டன் 2' மறுபடி வந்தது. இந்த முறை படைவீரர்கள் இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஏறியவர்கள். 134 நாளில் முடித்தார்கள், பழைய நேரத்தைவிடப் பத்து நாள் குறைவு.