கண்ணில் படாத தண்ணீரை அளப்பது

வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கேட்டால், குளிக்க இத்தனை வாளி, துணிக்கு இத்தனை, பாத்திரத்துக்கு இத்தனை என்று பெரும்பாலானவர்கள் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். கையால் மொண்டு எடுக்கும் தண்ணீர்தான் அந்தக் கணக்கில் வரும். கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியில் தானாக நிரம்புவதும், வாஷிங் மெஷின் தானாக இழுத்துக்கொள்வதும், எங்கோ ஓர் இணைப்பில் இரவெல்லாம் கசிவதும் வருவதில்லை. அமெரிக்காவில் ஷாசீன் அட்டாரி என்ற ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இத்தகைய மதிப்பீடுகளைக் கேட்டு 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மக்கள் சொன்ன அளவு சராசரியாக உண்மையில் பாதியளவே இருந்தது. அக்கறை உள்ளவர்களும் இப்படித்தான் குறைத்துச் சொல்கிறோம் என்பது என் எண்ணம். அதனால்தான், சிக்கனத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கும் முன் அளந்துவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

மீட்டர் உள்ள வீடுகளில் தொடக்கம் எளிது. வழக்கமான முள் மீட்டரின் முகப்பில் கருப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். கட்டணம் போடுவதற்குக் கருப்பு எண்களே போதும் என்பதால் நாமும் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வீட்டுக்குள் நடப்பதைச் சொல்பவை சிவப்பு முள்கள்தாம். 0.1, 0.01, 0.001, 0.0001 என்று ஒவ்வொன்றின் அருகிலும் அச்சிட்டிருக்கும். கடைசி முள் ஒரு முழுச் சுற்று வந்தால் ஒரு லிட்டர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். இவற்றோடு, நட்சத்திரம் போலப் பல் வெட்டிய சிறு சக்கரம் ஒன்றும் பல மீட்டர்களில் இருக்கும். மெல்லிய ஓட்டத்துக்கும் அது அசையும் என்பதால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்ப்பது நல்ல சோதனை. குழாய்கள் மூடியிருந்தும் சக்கரம் நகர்ந்துகொண்டே இருந்தால், எங்கோ தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

இரவு படுக்கும் முன் ஒருமுறை, காலையில் முதல் குழாயைத் திறக்கும் முன் ஒருமுறை என்று குறித்துவைத்தால் இதே சோதனை இன்னும் தெளிவாகும். இடையில் யாராவது கழிப்பறைக்குப் போயிருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். மீதி நிற்கும் எண் கசிவுக்குரியது.

ஆனால் மீட்டருக்கும் குழாய்களுக்கும் நடுவில் மேல்நிலைத் தொட்டி இருந்தால், மேற்சொன்ன இரண்டு சோதனைகளும் பொருந்தமாட்டா. அங்கே மீட்டர் அளப்பது தொட்டி நிரம்புவதைத்தான். நாம் குளிக்கும் நேரத்துக்கும் மீட்டர் ஓடும் நேரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. தொட்டியில் மிதவை வால்வு இருந்தால், நீர்மட்டம் ஏற ஏற வால்வு மெல்ல மூடிக்கொண்டே வரும். கடைசிக் கட்டத்தில் தண்ணீர் நூலாகத்தான் விழும். சுழலும் பாகங்களைக் கொண்ட மீட்டர் ஒவ்வொன்றுக்கும், தொடங்குவதற்கு ஒரு குறைந்தபட்ச ஓட்டம் தேவை. அதற்குக் கீழே போகும் தண்ணீரை அது பதிவு செய்யாது, அல்லது குறைத்துப் பதிவு செய்யும். தேய்ந்துபோன பழைய மீட்டரில் இந்தக் குறைபாடு மிகும். விட்டுவிட்டு நீர் வரும் இடங்களிலோ இதற்கு நேர்மாறாக, குழாயில் அடைபட்ட காற்று முதலில் வெளியேறும்போது மீட்டரைச் சுழற்றிக் கணக்கைக் கூட்டிவிடக்கூடும். மீட்டர் சொல்வதை நம்பலாம், அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

மீட்டரே இல்லாத வீட்டுக்குத் தொட்டிதான் மீட்டர். நேர்ச்சுவர்கள் கொண்ட உருளைத் தொட்டியின் உள்விட்டம் ஒரு மீட்டர் என்றால், நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 7.85 லிட்டர் செலவாகியிருக்கும். ஒன்றரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள செவ்வகத் தொட்டியில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு 15 லிட்டர். நீளமான மரக்குச்சி ஒன்றில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, அடிவரை செங்குத்தாக இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். மோட்டார் ஓடும்போது வீட்டிலும் தண்ணீர் செலவாகிக்கொண்டிருந்தால் கணக்குக் குழம்பும். ஆகவே மோட்டார் நின்றதும் ஒருமுறை, அடுத்து அதைப் போடுவதற்குச் சற்று முன் ஒருமுறை அளக்க வேண்டும். குச்சியில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஒரு வாளி அளவுக்குப் பிழை வந்துவிடும் என்பதால், ஒரு நாள் கணக்கைவிட ஒரு வாரத்துச் சராசரியே நம்பத்தக்கது.

மொத்தம் தெரிந்தபின் அதைப் பிரிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஷவருக்கு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும்: வாளி நிரம்ப 40 விநாடி ஆனால், அந்த ஷவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது. வாஷிங் மெஷினின் கழிவுக் குழாயை வாளிகளில் விட்டு எண்ணலாம். கழிப்பறைக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃப்ளஷ் தொட்டிக்கு வரும் சிறு வால்வை மூடிவிட்டு, மூடியைக் கழற்றி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு அளவுக் குவளையால் லிட்டர் லிட்டராக ஊற்றி அந்தக் கோடு வரை நிரப்புங்கள். எங்கள் வீட்டுத் தொட்டி இப்படி அளந்தபோது ஒன்பது லிட்டர் பிடித்தது. நான்கு பேர் ஆளுக்கு ஐந்து முறை என்று கொண்டால், அந்த ஒரு தொட்டி வழியாக மட்டும் நாளொன்றுக்கு 180 லிட்டர் போகிறது. முழு அழுத்தத்துக்கு ஆறு, அரை அழுத்தத்துக்கு மூன்று லிட்டர் என்று இரட்டைப் பொத்தான் வைத்த தொட்டியில், ஆளுக்கு ஒரு முழுதும் நான்கு அரையும் என்று கணக்கிட்டால் அதே நான்கு பேருக்கு 72 லிட்டர்தான்.

வட அமெரிக்க வீடுகளின் மீட்டர்களில் பதிவுக்கருவிகளைப் பொருத்தி, ஓட்டத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை பதிந்து, எந்த ஓட்டம் எந்தச் சாதனத்துக்குரியது என்று பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதன் 2016-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரில் 24 விழுக்காடு கழிப்பறைக்கும், 20 விழுக்காடு ஷவருக்கும், 19 விழுக்காடு மற்றக் குழாய்களுக்கும் போகிறது. கசிவு மட்டும் 12 விழுக்காடு. வேறு நாடுகளில், வேறு பழக்கங்கள் உள்ள வீடுகளில் இந்த விகிதம் மாறும். எனினும் யாரும் திறக்காத குழாய் வழியாக எட்டில் ஒரு பங்கு போகக்கூடும் என்பது எந்த வீட்டையும் யோசிக்கவைக்க வேண்டிய செய்தி.

இதில் எனக்கு உண்மையான மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. அளக்காத வீட்டில் தண்ணீர் தீர்ந்தால் பழி யார் மேல் விழுகிறது? குழாயடியில் அதிக நேரம் நிற்பவர் மேல்தான். பாத்திரம் துலக்குபவரும் துணி அலசுபவரும் ஏச்சு வாங்குகிறார்கள். அவர்கள் செலவழிப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, ஃப்ளஷ் தொட்டியின் ஒழுகும் ரப்பர் மூடி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்தத் தொட்டியில் சிறிது உணவு வண்ணம் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், ஒழுக்கு இருக்கும் பட்சத்தில் கீழே பீங்கானில் நிறம் இறங்கும். சொட்டும் குழாயின் கீழே ஓர் அளவுக் குவளையை வையுங்கள்: பத்து நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், முப்பது நாளில் 432 லிட்டர். ஒருவரை ஏசுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்து பார்ப்பது நியாயம்.

ஆளுக்கு எவ்வளவு என்று வகுக்கும்போதும் நிதானம் வேண்டும். தரை துடைப்பதும் சமைப்பதும் எல்லோருக்கும் பொது என்பதால், ஆட்கள் கூடக் கூடத் தலைக்குரிய அளவு பொதுவாகக் குறையும். தனியாக வாழ்பவரைப் பெரிய குடும்பத்தோடு ஒப்பிட்டு வீணடிப்பவர் என்று சொல்லிவிடக் கூடாது. கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். அடிப்படைத் தேவைகள் நிறைவேறவும் நோய் பரவாதிருக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் வீட்டு எண் அதற்குக் கீழே இருந்தால், குறைப்பதைப் பற்றிய பேச்சே அங்கே பொருந்தாது. இன்னும் தண்ணீர் கிடைக்க வழி தேட வேண்டிய வீடு அது.

குறிப்பேட்டில் எண்ணோடு அன்றைய விவரத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள்: விருந்தினர் வந்தது, துணி துவைத்தது, தொட்டி கழுவியது. சில வாரங்கள் சேர்ந்ததும், தனித்தனியாக அளந்தவற்றைக் கூட்டி மொத்தத்திலிருந்து கழியுங்கள். சிறு வித்தியாசம் எப்போதும் இருக்கும். பெரிய வித்தியாசம் நின்றால், அளக்க மறந்த குழாய் ஒன்று இருக்கிறது, அல்லது சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ கசிவு இருக்கிறது. முதலாவதை நீங்களே தேடிவிடலாம். இரண்டாவதற்கு, அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பிளம்பரிடம் பேசுங்கள், எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்று சொன்னால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.