மலைக்கு ஒரு நாட்காட்டி

பினாங்கில் காட்டுத்தீ அபாய வரைபடம் தயாரிக்கிறேன் என்று சொன்னால், இவ்வளவு மழை பெய்யும் தீவில் காடு எங்கே எரிகிறது என்று கேட்கிறார்கள். பிப்ரவரியில் ஆயர் ஈத்தாம் பக்கம் வந்து பார்க்க வேண்டும். மழை சில வாரம் விலகினால் போதும், சரிவுகளில் லாலான் புல் வெளுத்து நிற்கும்.

வேலை முறை எங்கும் உள்ளதுதான். சரிவு, சரிவு நோக்கும் திசை, உயரம், பசுமை, சாலைக்கும் குடியிருப்புக்கும் உள்ள தூரம் எனப் பல அடுக்குகள். தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளரின் முறைப்படி அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை மதிப்பிட்டு எடை கொடுக்கிறோம். சரிவின் எடையில் நான் பேரம் பேசுவதில்லை. 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். திசையின் கதை வேறு. இமயமலை அடிவாரத்தில் தெற்குச் சரிவுகள் காய்ந்து கிடக்கும். நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே இருக்கும் நமக்கு, சூரியன் உச்சியை ஒட்டியே போகிறது. அங்கே போட்ட எடையை இங்கே அப்படியே போடுவதை நான் ஏற்பதில்லை.

மனித நடமாட்டத்தைத் தூரமாக மட்டும் அளப்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவர் என்னை மேட்டுக்கு அழைத்துப் போனார். மேலே பச்சையாகத் தெரிந்த ரேசாம் பெரணியைக் கையால் விலக்கினார். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பழைய தண்டுகள் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. பிடித்தால் அப்பளமாக நொறுங்கின. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் நல்ல பசுமை.

"ரோட்டை அளந்தது போதும் தம்பி, மாதத்தைப் பாருங்கள். பழக்காலத்துக்கு முன்னால் களை வெட்டிக் குவிப்பார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் கல்லறைக்கு வந்து காகிதம் எரிப்பார்கள். காற்று அடித்தால் பொறி எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?" என்றார்.

சாலை ஆண்டு முழுவதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நெருப்பு மட்டும் சில வாரங்களில் வருகிறது. ஒரே வரைபடம் இதைச் சொல்லாது. எரியும் இடங்களைச் செயற்கைக்கோள் கண்டு சொல்லும் வெப்பப் புள்ளித் தரவும் முழுத் துணை அல்ல. அதன் ஒரு கட்டம் 375 மீட்டர்; பகலில் செயற்கைக்கோள் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். மாலையில் பற்றி அரை மணியில் அடங்கும் கால் ஏக்கர் புல்தீ அதன் கண்ணில் படுவதே இல்லை. தீயணைப்பு அழைப்புப் பதிவுகளில்தான் அது இருக்கும்.

ஆகவே மாதவாரியாக வரைபடம் போட வேண்டும் என்று எங்கள் குழுவில் வாதிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். கல்லறைச் சரிவுகளைச் சிவப்பாகக் காட்டியபோது, அங்கே வருபவர்களைக் குற்றவாளிகளாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முன்னோரை வணங்க வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே கல்லறை ஓரத்துப் புல்லை வெட்டி, காட்டுக்கும் கல்லறைக்கும் இடையே வெறுந்தரையாக ஒரு பட்டை விட்டால் பாதி அபாயம் அங்கேயே நின்றுவிடும் என்று நம்புகிறேன். வண்டி ஏற முடியாத அந்த மேடுகளில் தண்ணீர்த் தொட்டி எங்கெங்கே இருக்கிறது என்ற அடுக்கை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.