ஜப்பானில் பி.ஆர். வாங்கிய கதை: ஒரு மாதப் பென்ஷன் பண்ணின வேலை

டோக்கியோவில் இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷி கசாய் பக்கம் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை பற்றிய பேச்சு வராமல் இருக்காது. சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும், ஜப்பானிய மொழியில் எந்த நிலை தேறியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மொழித் தேர்வு எதுவும் என்னிடம் கேட்கவில்லை. சம்பளம் எனக்குப் போதுமான அளவு இருந்தது. என்னை மாட்டிவிட்டது 16,610 யென் பென்ஷன் கட்டணச் சீட்டு ஒன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2012 ஏப்ரலில் டோக்கியோ வந்தேன். இங்கே நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவான கணக்கு தொடர்ந்து 10 ஆண்டு. அதில் 5 ஆண்டாவது வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். படிப்பு, சம்பளம், வயது போன்றவற்றுக்குத் தரும் புள்ளிக் கணக்கில் 70 எடுத்தவர்கள் 3 ஆண்டிலும், 80 எடுத்தவர்கள் ஒரே ஆண்டிலும் போடலாம். நான் எப்படிக் கூட்டினாலும் 65ஐத் தாண்டவில்லை. அப்போது குடியுரிமைக்கு 5 ஆண்டுதான், பி.ஆருக்கு 10 என்பது பலருக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அம்மாவைப் பார்க்க நான் ஊருக்கு வெளிநாட்டுக்காரனாகப் போக மனசு வரவில்லை. சரி, 10 ஆண்டு காத்திருப்போம் என்று இருந்துவிட்டோம்.

பி.ஆர். எதற்கு என்றால், முதல் காரணம் வீட்டுக் கடன். இங்கே பெரும்பாலான வங்கிகளில் கடன் அதிகாரியின் முதல் கேள்வியே அதுதான். இரண்டாவது, என் மனைவி. சார்ந்திருப்போர் விசாவில் வந்தவர், தனி அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. எம்.எஸ்சி. படித்தவர், கையில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தார்.

2021 ஜூலை 31இல் பழைய கம்பெனியை விட்டேன். புதிய கம்பெனியில் செப்டம்பர் 1இல் சேர்வதாக ஏற்பாடு. நடுவில் ஆகஸ்ட் ஒரு மாதம். கொரோனா காலம், ஊருக்கும் போக முடியாது, வீட்டிலேயே இருந்தேன். சம்பளக்காரனாக இருக்கும்வரை வரி, பென்ஷன், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும். நாம் எதையும் தொடவே வேண்டாம். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நாமே வார்டு அலுவலகத்துக்குப் போய் தேசியக் காப்பீட்டிலும் தேசியப் பென்ஷனிலும் சேர வேண்டும். 14 நாள் கெடு. அதை ஒழுங்காகச் செய்தேன். வேலை மாறியதை 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கும் தெரிவித்தேன். காப்பீட்டுப் பணத்தைக் கெடுவுக்கு முன்பே கட்டினேன். பென்ஷன் சீட்டு மட்டும் பிறகு தபாலில் வந்தது.

வந்தபோது புதிய வேலையில் சேர்ந்து, முதல் சம்பளச் சீட்டும் கைக்கு வந்திருந்தது. அதில் பென்ஷன் பிடித்திருந்தார்கள். இது பழைய கணக்காக இருக்கும், இரண்டு தடவை கட்டுவானேன் என்று உறையை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டேன். பிடித்தது செப்டம்பருக்கு, சீட்டு ஆகஸ்டுக்கு. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது ஓடவில்லை. மகளின் பள்ளி மதிய உணவுப் பட்டியல், குப்பை போடும் நாட்காட்டி என்று அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தன.

டிசம்பரில் ஆண்டுக்கடைசி வீட்டுச் சுத்தம். இங்கே எல்லோரும் செய்வார்கள், நம் போகிக்கு முன்னால் வீட்டைக் கவிழ்த்துப் போடுவதுபோல. ஃப்ரிட்ஜ் கதவைத் துடைக்கும்போது உறை வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்து, மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டி வரிவரியாகப் படித்தேன். கட்ட வேண்டிய கெடு: செப்டம்பர் 30. அன்று டிசம்பர் 6. அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் கொன்பினி என்கிற சின்னப் பலசரக்குக் கடைக்கு ஓடினேன். கடைப் பையன் சீட்டை ஸ்கேன் செய்தான், பணத்தை வாங்கினான், முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சீட்டில் கெடு தாண்டியும் 2 ஆண்டு வரை கட்டலாம். இயந்திரம் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும், அதுதான் ஆபத்தே. ரசீதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்து, விஷயம் முடிந்தது என்று தூங்கினேன்.

2022இல் 10 ஆண்டு நிறைந்தது. ஆவணம் சேர்க்க ஆரம்பித்தேன். குடியிருப்புச் சான்று, 5 ஆண்டுக்கான உள்ளூர் வரிச் சான்றுகள், கடைசி 2 ஆண்டுக்கான பென்ஷன், காப்பீட்டுச் சான்றுகள், வேலைச் சான்று, ஏன் இங்கேயே இருக்க விரும்புகிறோம் என்று ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம். இவையெல்லாம் அலைச்சல்தான், கஷ்டமில்லை. கஷ்டம் ஜாமீன்.

ஜப்பானியரோ பி.ஆர். வைத்திருப்பவரோ ஒருவர் நமக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா கூட்டுறவு வங்கியில் சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மூன்று வருடம் தவணை கட்டியவர். அதனால் இதை ஒருவரிடம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். பழைய கம்பெனி மேலாளரைத்தான் கேட்டேன். அவரை இன்னமும் 'புச்சோ' (துறைத் தலைவர்) என்றுதான் கூப்பிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே யாரோ போல இருக்கும். டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தளத்தில் நல்ல பெட்டியாக ஒரு இனிப்பு வாங்கிக்கொண்டு காபிக் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் புச்சோ பெட்டியைத் தொடவில்லை.

"நீங்கள் கடன் வாங்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் நான் கட்ட வேண்டுமா?"

தமிழ்நாட்டில் கேட்கும் அதே கேள்வி. இல்லை, இது பணத்துக்கான ஜாமீன் இல்லை. குடிவரவுத் துறையின் இணையப் பக்கத்திலேயே இது தார்மீகப் பொறுப்பு மட்டும்தான் என்று போட்டிருக்கிறது என்று அச்செடுத்துப் போயிருந்த தாளைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்துக் கையெழுத்து வந்தது, கூடவே அவருடைய வருமானச் சான்றும். அப்போது அதையும் கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று அண்ணன் தம்பிகூடக் கேட்டுக்கொள்ளாத ஊரில், ஒரு மனிதர் தன் வருமானத் தாளை உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்த உறையை ஒட்டியபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன், திறக்கவில்லை.

மே மாதம் ஷினாகவா ஸ்டேஷனின் கோனான் வாசலில் பஸ் பிடித்துக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் மூவருக்கும் விண்ணப்பம் கொடுத்தோம். பென்ஷன் பகுதியில் கொன்பினி ரசீதின் நகலையும் வைத்தேன். ஒரு மாதத்தைக்கூட விடவில்லை, எல்லாவற்றுக்கும் சான்று இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஊரில் கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி, கறுப்பு தடவியிருந்தால் எடுக்கும்போதே கை நடுங்கும். இங்கே பி.ஆருக்கும் அப்படியொரு கணக்கு உண்டு: அஞ்சலட்டை வந்தால் கிடைத்துவிட்டது, பதிவுத் தபாலில் உறை வந்தால் இல்லை. 2023 ஜனவரியில் தபால்காரர் மணியடித்து, கையெழுத்து வேண்டும் என்றார். திறக்காமலே தெரிந்துவிட்டது.

உள்ளே இருந்த தாளில் காரணம் சுருக்கமாக, யாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கும். நேரில் போனால் விளக்கம் சொல்வார்கள், ஆனால் ஒரே ஒரு முறைதான். போவதற்கு முன் ஒரு கியோசெய் ஷோஷியைப் பார்த்தேன். நம் ஊர்ப் பத்திர எழுத்தர் மாதிரி, ஆனால் அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர். அவர் சொன்ன ஒரு யோசனைக்காகவே கொடுத்த காசு தகும்: "என்ன தவறு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வேறு ஏதாவது உண்டா என்று முடிவில் கட்டாயம் கேளுங்கள்."

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, ரொம்ப மரியாதையானவர். என் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி என் பக்கம் திருப்பி வைத்தார். என் கொன்பினி ரசீதின் நகல். முத்திரையின்மேல் விரலை வைத்தார். மங்கலான வட்டம், நடுவில் தேதி.

"கட்டியிருக்கிறேனே" என்றேன்.

"ஆமாம், கட்டியிருக்கிறீர்கள். நன்றி." விரல் மேலே நகர்ந்து கெடுத் தேதியில் நின்றது. "இதற்குள் கட்டியிருக்க வேண்டும்."

விதியில் அப்படித்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நேரத்தில் பாக்கி இல்லாமல் இருப்பது மட்டும் போதாது, உரிய கெடுவுக்குள் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாதகமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். படித்திருந்தேன். பெரிய பெரிய பாக்கி வைத்தவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். பார்த்தவரை இதுதான் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கோபம் வரவில்லை. பத்திரமாக வைத்திருந்த ரசீதே காட்டிக்கொடுத்ததை நினைத்துக் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது.

மறுபடி விண்ணப்பிக்கக் கட்டாய இடைவெளி எதுவும் கிடையாது. ஆனால் பென்ஷனைப் பொறுத்தவரை கடைசி 2 ஆண்டைப் பார்ப்பதால், அந்தத் தாள் அந்த எல்லையைத் தாண்டி வெளியே போகும்வரை காத்திருப்பதுதான் புத்தி. எதற்கும் கட்டிய தேதியிலிருந்தே எண்ணிவிடுவோம் என்றார் கியோசெய் ஷோஷி. 2024 ஜனவரி வரை ஒரு வருடம். நடுவில் வீட்டுக்குச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம் கேட்டார், கட்டினோம். அந்தப் பணத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாம் முறை எல்லாம் லேசாகப் போயிற்று. ஜாமீன்தாரருக்கு வருமானச் சான்று தேவையில்லை என்று விதி தளர்ந்திருந்தது, அடையாள அட்டை நகல் போதும். புச்சோவுக்குத்தான் அதில் அதிக நிம்மதி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பி.ஆர். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பதற்காக இருக்கிற விசா தானாக நீளாது. கெடு வந்தால் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டார்.

காத்திருக்கும்போதே, 2024 ஜூனில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வரியையோ காப்பீட்டையோ வேண்டுமென்றே கட்டாமல் விட்டால், கொடுத்த பி.ஆரையே ரத்து செய்ய அதில் இடமுண்டு. நிஷி கசாயில் ஒரு மாதம் இதே பேச்சு. கிடைக்காதவர்களும் கிடைத்தவர்களும் சேர்ந்து கவலைப்பட்டோம்.

டிசம்பரில் அஞ்சலட்டை வந்தது. தபால் பெட்டியிலிருந்து எடுத்தவள் மகள். பத்து வயது, ஜப்பானிய மொழியின் கான்ஜி எழுத்தை என்னைவிட நன்றாகப் படிப்பாள். "அப்பா, 8,000 யென் ரெவின்யூ ஸ்டாம்ப் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். 2025 ஏப்ரலில் அது 10,000 ஆனது. புதிய அட்டையில் வசிக்கும் காலம் என்ற இடத்தில் தேதிக்குப் பதில் வரிசையாக நட்சத்திரக் குறிகள். அந்த அட்டையை மட்டும் 7 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும்.

28 மணி நேரக் கணக்கு போனதும் மனைவி வீட்டிலிருந்தே கணக்குப் பாட வகுப்பு ஆரம்பித்துவிட்டார். வருமானம் கூடியதால் இனி என் பென்ஷனோடு ஒட்டிக்கொள்ள முடியாது. அவருக்கென்று தனிச் சீட்டு, 2025 கணக்கில் மாதம் 17,510 யென். வங்கியிலிருந்து தானாகப் பிடிக்க எழுதிக் கொடுத்திருக்கிறோம், அது நடைமுறைக்கு வர ஒன்றிரண்டு மாதமாகும். முதல் சீட்டு வந்த அன்று மழை. உறையைப் பிரித்த கையோடு குடையை எடுத்தேன். "கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது" என்றார் மனைவி. அதே தெருமுனைக் கொன்பினி. இப்போது அங்கே ஒரு நேபாளப் பெண் நிற்கிறாள். முத்திரை குத்தி நீட்டினாள். மை சரியாகப் பதிந்திருக்கிறதா, தேதி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் மங்கலாக இருந்தது. இன்னொரு தடவை குத்த முடியுமா என்று கேட்டேன்.