கொள்ளுப்பிட்டியில் இரண்டு இரவு ப்ளூஸ்

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ப்ளூஸ் மச்சான், வாறியா?" என்று கொழும்பிலிருக்கும் கூட்டாளி கேட்டதும் முதலில் கலண்டரைப் பார்த்தேன். (ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உருக்கமான இசை.) போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால் நாடு முழுக்க மதுக்கடைகளுக்குப் பூட்டு. பப்பில் விழா எங்கே நடக்கும்? போயா அடுத்த கிழமைதான். சரி என்று மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில் ஏறிவிட்டேன்.

வெள்ளவத்தையில் அவனுடைய அறையில் பகல் முழுக்கத் தூங்கினேன். மாலையில் காலி வீதியில் பஸ் பிடித்து கொள்ளுப்பிட்டியில் இறங்கினோம். கடல் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த பப். பெயர் வேண்டாம், கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

மேடைக்குப் பக்கத்திலேயே பெரிய டிவி, அதில் கிரிக்கெட். பாடகர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது விக்கெட் விழும், கூட்டம் கத்தும். போதாததற்கு ட்ரம்ஸ் சத்தம் குரலை விழுங்கியது. ப்ளூஸில் ஒரு வரியைப் பாடி, அதையே இன்னொருமுறை பாடுவார்கள். மூன்றாவது வரியில்தான் விஷயம் வரும். இரண்டு வரி பொறுமையாகக் காத்திருந்து, மூன்றாவது வரும்போது சிம்பலில் ஒரு அடி விழுந்தால் கோபம் வருமா வராதா?

ஒன்பது மணிக்கு மேல் ஒரு வயதானவர் தனியாக கிட்டாருடன் ஏறினார். விரலில் கண்ணாடிக் குழாய். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்தில் போத்தலின் கழுத்தைத்தான் உடைத்து மாட்டிக்கொள்வார்கள். குழாய் கம்பியில் வழுக்கும்போது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருப்பதெல்லாம் கேட்கிறது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிதில்லை. அந்தப் பக்கத்து ப்ளூஸ் பாடகர் ரொபர்ட் ஜோன்சனின் பாட்டுகள் மூன்று பாடினார். ஜோன்சன் 1936, 1937 இரண்டு வருடங்களில் பதிவுசெய்தது மொத்தம் 29 பாட்டு. 1938இல் 27 வயதில் இறந்துபோனார். இரண்டாவது பாட்டின் நடுவில் யாரோ டிவியை நிறுத்தினார்கள். யாரென்று தெரிந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

சாப்பாடு ஹொட் பட்டர் கணவாயும் ஜிஞ்சர் பியரும். நான் குடிப்பதில்லை, என் பங்கையும் கூட்டாளி பார்த்துக்கொண்டான். கணவாய் நல்ல மொறுமொறுப்பு. விலையை எழுதமாட்டேன், வீட்டில் படிப்பார்கள்.

ஞாயிறு முழுக்க மின்சார கிட்டார். 1943இல் ப்ளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸ் மிசிசிப்பியை விட்டு சிகாகோ போனார். அங்கத்தைய பார்களின் இரைச்சலில் சாதாரண கிட்டார் எடுபடாமல்தான் மின்சார கிட்டாருக்கு மாறினார். இந்த பப்பில் ஒரு மணித்தியாலம் இருந்தால் அது யாருக்கும் விளங்கும். அன்றைய ராசா மவுத்ஓகன்காரப் பையன்தான். பத்தே ஓட்டை உள்ள சின்னப் பெட்டி. ஊதுவதைவிட உள்ளே உறிஞ்சும்போதுதான் சுரம் வளைந்து அழுகிறது.

பத்தரை மணியளவில் பின்மேசையிலிருந்து ஒரு குரல்: "பைலா ஒண்டு போடுங்கோ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைலா என்பது இலங்கையின் துள்ளல் ஆட்டப்பாட்டு. இந்த நாட்டில் கலியாணம், பிறந்தநாள், ஒபிஸ் ட்ரிப் எல்லாமே கடைசியில் பைலாவில்தான் போய் நிற்கும். இரண்டே நாள் ப்ளூஸுக்கு விடக்கூடாதா? ட்ரம்ஸ்காரர் சிரித்தார். அடித்துக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தாமலே கொஞ்சம் அப்படி இப்படி அசைத்தார். அவ்வளவுதான், பைலா! நாற்காலிகள் பின்னால் போக, சனம் எழும்பி ஆடத் தொடங்கியது.

எங்கே மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. அறைக்குப் போய் மேசையில் தட்டிப் பார்த்தேன். ப்ளூஸின் ஷஃபிள் தாளத்தில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிறது. பைலாவின் ஆறு எண்ணிக்கைத் தாளமும் மும்மூன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டும் திஸ்ர நடை. ப்ளூஸ் உண்டானது அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர்களின் சந்ததியினரிடம். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டவர்களும் ஆபிரிக்கர்கள்தான். அவர்களுடைய வழிவந்தவர்கள் புத்தளம் பக்கம் இன்றைக்கும் இருக்கிறார்கள். பைலாவில் அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேய மெட்டும் கலந்திருக்கின்றன.

இதை நான் கொழும்புக்கு வந்தா கண்டுபிடிக்க வேண்டும்? மட்டக்களப்பில் பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்கள்) கலியாணங்களில் பைலாவின் மூத்த சொந்தமான காபிரிஞ்ஞா ஆட்டம் ஆடுவதைச் சின்ன வயதிலிருந்து வேலிக்கு மேலால் பார்த்தவன் நான். வயலினும் றபான் மேளமும் சேர்ந்தால் பாட்டிமாரும் எழும்பி ஆடுவார்கள்.

ட்ரம்ஸ்காரர் தாளத்தை மாற்றிய அந்த இரண்டு நிமிடத்தைப் போனில் பதிந்திருந்தேன். திரும்பி வரும் ரயிலில் இருந்து அதை மட்டக்களப்பு டச்பாரில் இருக்கும் பறங்கி நண்பனுக்கு அனுப்பினேன். பொலன்னறுவை தாண்டும்போது பதில் வந்தது.

"நல்லாத்தான் இரிக்கி. வயலின் எங்க மச்சான்?"